'பானிவாலி பாய்' கேட்ட கேள்வி

(சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில், ரயில்வே எழுத்தரும் கிளை அமைப்பாளருமான தோழர் ஆற்றிய உரை. இடையில் கூட்டத்தார் கேட்டவற்றுக்கு அவர் சொன்ன பதில்களும் சேர்த்தே தரப்படுகின்றன.)



ஆரம்பத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். நாங்கள் டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவர்கள். ரயில்வே ஊழியர் நடத்தை விதிகள் என்று 1966ஆம் ஆண்டிலிருந்து ஒரு புத்தகம் இருக்கிறது. ஊழியன் எந்த அரசியல் கட்சியிலும் சேரக்கூடாது, தேர்தலில் யாருக்கும் ஓட்டுக் கேட்கக்கூடாது என்பது அதில் ஐந்தாம் விதி. தன் ஓட்டைப் போடலாம். ஆனால் யாருக்குப் போட்டோம் என்று காட்டிக்கொள்ளக்கூடாது. ஆகவே இந்த மேடையில் எந்தச் சின்னமும் இல்லை. மாநகராட்சித் தேர்தலும் 2026 ஜனவரியோடு முடிந்துவிட்டது. நாங்கள் இன்று பேசப்போகும் வேட்பாளர் 2012 ஜூலையிலேயே காலமாகிவிட்டார். அவருக்காக வாக்குக் கேட்டால் எந்த விதியும் எங்களைப் பிடிக்காது.

அவர் பெயர் மிருணாள் கோரே. இங்கே மூத்தவர்களுக்கு அந்தப் பெயரைவிட 'பானிவாலி பாய்' என்றால்தான் தெரியும். தண்ணீர்க்காரப் பெண்மணி! தண்ணீர் விற்றதால் வந்த பெயரல்ல அது, தண்ணீர் வரவழைத்ததால் வந்த பெயர். இன்றைக்கு இளைஞர்களுக்கு அவர் பெயர் ஒரு மேம்பாலமாகத்தான் தெரியும். ராம் மந்திர் பக்கம் போகிறது அல்லவா, அந்தப் பாலம். சென்ற கோடையில் அந்தப் பாலத்தின் மேல் பஸ்ஸில் போகும்போது நாங்கள் எண்ணினோம். நெரிசலில் நின்ற நேரத்துக்குள் நம்மைக் கடந்து போன தண்ணீர் டேங்கர் நாலு. தண்ணீருக்காகப் போராடியவர் பெயரில் பாலம், அதன் மேல் விலைத் தண்ணீர் ஊர்வலம்!

கதைக்கு வருவோம். 1928இல் பிறந்தவர். டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்தவர். அந்தப் படிப்பை விட்டுவிட்டு ராஷ்ட்ர சேவா தளம், சோஷலிஸ்டுக் கட்சி என்று இறங்கினார். கேசவ் கோரே என்ற தோழரைச் சாதி பார்க்காமல் மணந்து கோரேகாவில் குடியேறினார். 1958இல் கணவர் இறந்துபோனார். கையில் சின்னப் பெண் குழந்தை. ஊரில் யாராக இருந்தாலும் வீட்டோடு முடங்கிப்போகும் வேளை அது. மூன்று வருஷம் கழித்து, 1961இல், பம்பாய் மாநகராட்சித் தேர்தலில் நின்று ஜெயித்தார்.

அன்றைய கோரேகாவை நினைத்துப் பாருங்கள். மாநகராட்சியின் எல்லை 1950இல் ஜோகேஸ்வரியோடு நின்றது. 1957இல்தான் தஹிசர் வரைக்கும், அந்தப் பக்கம் முலுண்டு வரைக்கும் விரித்தார்கள். கோரேகாவ் ஒரே நாளில் நகரமாகிவிட்டது, காகிதத்தில். கிணற்றடிக்குக் குடத்தோடு போன பெண்கள் அதே கிணற்றடிக்குத்தான் போனார்கள். மாமன்றத்தில் போய் உட்கார்ந்த மிருணாள் கோரே முதல் வேலையாக இதைப் பிடித்தார். பெண்களைத் திரட்டினார். மோர்ச்சா என்று நாம் இன்றைக்குச் சாதாரணமாகச் சொல்கிறோம். அடுப்படியை விட்டு வெளியே வராத பெண்களைக் காலிக் குடத்தோடு அதிகாரியின் வாசலுக்கு நடத்திக் கொண்டுபோவது அந்தக் காலத்தில் சின்னக் காரியமல்ல. கடைசியில் குழாய் வந்தது.

1972இல் விலைவாசி ஏறியபோது அஹில்யா ரங்கணேகர், தாரா ரெட்டி முதலான பெண்களோடு சேர்ந்து விலை உயர்வு எதிர்ப்பு மகளிர் அணி கட்டினார். ஒருவர் சோஷலிஸ்டு, மற்றவர்கள் கம்யூனிஸ்டு. ஆண்கள் கட்சிக் கொடியின் நிறத்துக்கு அடித்துக்கொண்டிருந்த காலத்தில், பெண்கள் பூரிக்கட்டையால் தட்டை அடித்துக்கொண்டு ஒன்றாகத் தெருவில் போனார்கள். அதே ஆண்டு சட்டமன்றத்துக்கு ஜெயித்தார். நெருக்கடி நிலையில் தலைமறைவு, பிறகு சிறை. 1977இல் வட மும்பையிலிருந்து நாடாளுமன்றத்துக்கு ஜெயித்தார், ரேபரேலியில் இந்திரா அம்மையார் தோற்றார். அப்போது தெருவெல்லாம் ஒரு முழக்கம்: 'பானிவாலி பாய் டில்லி மே, டில்லிவாலி பாய் பானி மே!' தண்ணீர்க்கார அம்மா டில்லியில், டில்லிக்கார அம்மா தண்ணீரில். இந்தி தெரியாத நம் பாட்டிமார்களுக்கும் அது புரிந்தது.

இதெல்லாம் சரித்திரம். அவருடைய வாதம் என்ன என்பதுதான் இன்றைய பேச்சு.

மாநகராட்சிக்கு 1888ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. வெள்ளைக்காரன் போட்ட சட்டம், இன்றைக்கும் திருத்தங்களோடு அதுதான் நடக்கிறது. அதில் இரண்டு பட்டியல் உண்டு. 61ஆம் பிரிவு, மாநகராட்சி கட்டாயம் செய்யவேண்டிய காரியங்கள். 63ஆம் பிரிவு, விருப்பப்பட்டால் செய்யலாம் என்கிற காரியங்கள். சாக்கடை, குடிநீர், பொது ஆஸ்பத்திரி, ஆரம்பப் பள்ளி எல்லாம் எந்தப் பட்டியலில் இருக்கின்றன தெரியுமா? கட்டாயப் பட்டியலில். ஆக, குழாய் போட்டுக் கொடுத்த கவுன்சிலருக்கு நாம் மாலை போடுகிறோமே, தபால்காரர் கடிதம் கொடுத்ததற்கு மாலை போடுவதுபோல் அது. நாங்களும் மாலை போட்டிருக்கிறோம். போட்டோ இருக்கிறது.

மிருணாள் கோரேயின் வழி இதற்கு நேர் எதிர். தண்ணீர் தாருங்கள் என்று அவர் கும்பிடவில்லை. ஏன் தரவில்லை என்று கேட்டார். இரண்டு கேள்விக்கும் உள்ள தூரத்தைக் கொஞ்சம் யோசியுங்கள். தாருங்கள் என்று கேட்டால் கொடுப்பவன் பெரியவன். ஏன் தரவில்லை என்று கேட்டால் அவன் கணக்குச் சொல்லியாக வேண்டும்.

நாம் ஏன் அப்படிக் கேட்பதில்லை? மனதைத் தொட்டுச் சொன்னால், நாம் வெளியூர்க்காரர்கள் என்ற பயம். 1966இல் ஒரு கட்சி பிறந்து, லுங்கி கட்டியவனை விரட்டு என்று தெருவில் கத்திய நாட்களை நம் அப்பாமார்கள் பார்த்தவர்கள். அன்றைக்கு உடைந்த ஓட்டல் கண்ணாடி இன்றைக்கும் நம் பேச்சில் குத்திக்கொண்டிருக்கிறது. அந்தப் பயம் நமக்குச் சொல்லிக்கொடுத்தது என்ன? சத்தம் போடாதே. தலையைக் குனிந்து வேலையைப் பார். ஒரு 'நம்ம ஆளை'ப் பிடித்துக் காரியத்தை முடித்துக்கொள்.

அரசாங்கமும் அதற்கேற்றபடி நமக்கு ஒரு தேதி வைத்தது. 1976இல் குடிசைகளை எண்ணி போட்டோப் பாஸ் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு 1985, அப்புறம் 1995, அப்புறம் 2000 ஜனவரி 1 என்று அந்தத் தேதி தேர்தலுக்குத் தேர்தல் நகர்ந்தது. தேதிக்கு முந்தி வந்தவன் மனிதன். பிந்தி வந்தவன்? அவன் குழந்தைக்குத் தாகம் எடுக்காதா? இதைத்தான் பானி ஹக் சமிதி என்ற அமைப்பு உயர் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது. 2014 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. குடிநீர் என்பது அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தருகிற உயிர் வாழும் உரிமையைச் சேர்ந்தது, 2000க்குப் பின் வந்த குடிசை என்பதற்காக மறுக்க முடியாது என்றார்கள். சட்டப்படி கட்டிய வீட்டுக்குத் தரும் அளவும் விலையும் தரவேண்டியதில்லை என்றும் சேர்த்துச் சொன்னார்கள், அதையும் மறைக்கக்கூடாது. 2022இல் மாநகராட்சியே 'எல்லோருக்கும் தண்ணீர்' என்று கொள்கை அறிவித்தது. ஆக இன்றைக்கு நம் சந்தில் குழாய் இல்லை என்றால் அது சட்டத்தின் குறை அல்ல.

தண்ணீரே இல்லையா என்றால், இருக்கிறது. துளசி, விஹார், தான்சா, மோடக் சாகர், மேல் வைதர்ணா, நடு வைதர்ணா, பாட்சா என்று ஏழு ஏரிகள். நாளொன்றுக்கு ஏறத்தாழ 385 கோடி லிட்டர் ஊருக்குள் வருகிறது. நாங்கள் கணக்கு எழுதியே காலம் தள்ளுகிறவர்கள், ஆகவே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். 2011 ஜனத்தொகைக் கணக்கில் மும்பைக்கு 1 கோடியே 24 லட்சம் பேர். இன்றைக்கு ஒன்றரைக் கோடி என்றே தாராளமாக வைத்துக்கொள்வோம். மூன்றில் ஒரு பங்கு கசிவிலும் திருட்டிலும் போகட்டும். மிச்சத்தைப் பங்கிட்டாலும் தலைக்கு 170 லிட்டர் வருகிறது. ஆலைக்கும் ஓட்டலுக்கும் அதில் இன்னும் கொஞ்சம் போகட்டும். ஆனால் மாநகராட்சியின் நெடுநாள் அளவுகோல் என்ன? கட்டட வீட்டுக்காரருக்குத் தலைக்கு 135 லிட்டர், குடிசைக்காரனுக்கு 45 லிட்டர். அவர் தொட்டியில் குளிப்பார், நீ டவலை நனைத்துத் துடைத்துக்கொள் என்று அளந்து வைத்திருக்கிறார்கள்.

அந்த 45 லிட்டராவது வருகிறதா? நாங்கள் பிறந்து வளர்ந்த சாலில் விடியற்காலை நாலு மணிக்குக் குழாய் வரும். நாலு மணி என்றால் நாலு மணி அல்ல, மூன்றரைக்கே வரிசை. பள்ளிப் பரீட்சைக்குப் படித்ததெல்லாம் அந்த வரிசையில் குடத்தின் மேல் உட்கார்ந்துதான். மெட்ரிக்கில் கணக்கில் நல்ல மார்க்கு வந்ததற்குக் காரணம் முனிசிபாலிட்டிக் குழாய் தாமதமாக வந்ததுதான் என்று வீட்டில் இன்றும் கேலி செய்வார்கள். ஆனால் எங்கள் அம்மாவுக்கு முதுகு வளைந்தது அந்த வரிசையில்தான். அதில் கேலி ஒன்றுமில்லை.

இப்போது கசப்பான பகுதிக்கு வருகிறோம். கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள்.

குழாய் இல்லாத சந்துகளில் தண்ணீர் எப்படி வருகிறது? கேனில் வருகிறது. 35 லிட்டர்க் கேன் இருபது ரூபாய். அப்படியானால் ஆயிரம் லிட்டருக்கு 570 ரூபாய்க்கு மேல். மாநகராட்சிக் கட்டணம் குடிசைக்கு ஆயிரம் லிட்டருக்கு ஏழு ரூபாய்க்கும் குறைவு. எண்பது மடங்கு! பங்களாக்காரர் ஏழு ரூபாய்த் தண்ணீரில் காரைக் கழுவுகிறார், நாம் ஐந்நூறு ரூபாய்த் தண்ணீரில் கஞ்சி காய்ச்சுகிறோம். சரி, இந்தக் கேனை விற்பது யார்? பெரிய குழாயில் திருட்டு இணைப்புப் போட்டு இரவில் நிரப்புவது யார்? ஆகாயத்திலிருந்து வந்தவனா? பல சந்துகளில் அவர் நம்மவர். நம் ஊர்ப்பக்கம். அண்ணாச்சி என்று வாய் நிறையக் கூப்பிடுகிறோம். கல்யாணத்துக்கு மொய் வைக்கிறார், சாவுக்கு வண்டி தருகிறார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் நம் பொங்கல் விழாவுக்குப் பந்தல் செலவு முழுவதும் கொடுத்தது அப்படிப்பட்ட ஒருவர்தான். ரசீது எழுதியது நாங்கள், எங்கள் கையால். பணம் எங்கிருந்து வந்தது என்று எங்களுக்குத் தெரியும். அந்த வருஷம் சங்கம் தண்ணீர்ப் பிரச்சினைக்கு ஒரு மனுக்கூடப் போடவில்லை. யாரும் போடாதே என்று சொல்லவில்லை. போடவில்லை, அவ்வளவுதான். அடுத்த வருஷம் நிர்வாகக் குழுவில் இதைப் பேசினோம். அப்படிப்பட்ட நன்கொடை இனி வேண்டாம் என்று முடிவெடுத்தோம். இரண்டு பொங்கலாகப் பந்தல் சிறுத்துவிட்டது, பாட்டுக் கச்சேரிக்குப் பதில் பிள்ளைகளே ஆடுகிறார்கள். சிலருக்கு வருத்தம் இருப்பது தெரியும். அந்த அண்ணாச்சி எங்களோடு பேசுவதில்லை.

(கூட்டத்தில் ஒரு சகோதரர்: 'அவர் இல்லாவிட்டால் அந்தத் தண்ணீரும் கிடையாதே?')

கேட்டது நியாயமான கேள்வி. இன்றைக்கே கேனை நிறுத்து என்று நாங்கள் சொல்லவில்லை. பிள்ளை தாகத்தோடு இருக்கும்போது தத்துவம் பேசக்கூடாது. ஆனால் ஒன்றைப் பாருங்கள். குழாய் வந்தால் அவர் வியாபாரம் படுத்துவிடும். ஆகவே குழாய் வராமல் பார்த்துக்கொள்ள அவருக்குக் காரணம் இருக்கிறது. பொதுச்சேவை பலவீனமாக இருக்கும் இடத்திலெல்லாம் அதன் பலவீனத்தில் பிழைக்கிற ஒருவர் முளைத்துவிடுகிறார். சந்தில் அது கேன்காரர். உயர மட்டத்தில் அது கம்பெனி. 2006இல் உலக வங்கி உதவியோடு அந்தேரி கிழக்குப் பக்கம், கே-கிழக்கு வார்டில், தண்ணீர் விநியோகத்தைத் தனியாரிடம் விட யோசனை நடந்தது. குடிமக்கள் கூட்டம் கூட்டமாகப் போய் எதிர்த்ததால் அது நின்றது. எதிர்த்தால் நிற்கும் என்பதற்காக இதைச் சொல்கிறோம்.

(வீட்டு வேலைக்குப் போகும் ஒரு தாய்: 'எல்லாம் இலவசமாகக் கேட்டால் மாநகராட்சிக்கு நட்டம் வராதா? எங்கள் சேட்டம்மா அப்படித்தான் சொல்கிறாள்.')

அம்மா, சேட்டம்மாவிடம் கேளுங்கள், அவர் வீட்டு லிப்ட் லாபம் தருகிறதா என்று! தராது. ஆனால் லிப்ட் இல்லாவிட்டால் அந்த வீடு விலை போகாது. பேருந்து, ரயில், ஆஸ்பத்திரி இந்த ஊருக்கு அப்படித்தான்.

பெஸ்ட் பஸ்ஸை எடுத்துக்கொள்வோம். 1926 ஜூலையில் முதல் மோட்டார் பஸ் ஓடியது. 1947 ஆகஸ்டு 7ஆம் தேதி, சுதந்திரத்துக்கு ஒரு வாரம் முந்தி, கம்பெனியிடமிருந்து மாநகராட்சி வாங்கியது. கவனியுங்கள், பஸ்ஸோடு மின்சார விநியோகமும் சேர்ந்தே வந்தது. நெடுங்காலம் மின்பகுதியில் வந்த பணம் பஸ்ஸின் நட்டத்தைத் தாங்கியது. அதிகமாக விளக்கு எரிப்பவரும் சேர்ந்து கொடுத்ததில்தான் நீங்கள் வேலைக்குப் போனீர்கள். இது பிச்சையா? நீங்கள் போய்த்தானே அவர் வீட்டில் பாத்திரம் துலங்குகிறது!

ஒரு காலத்தில் நாலாயிரத்துக்கு மேல் பஸ். இன்றைக்கு பெஸ்டின் சொந்த பஸ் ஆயிரத்துக்கும் குறைவு. மற்றதெல்லாம் ஒப்பந்தக்காரரின் வண்டி, ஒப்பந்தக்காரரின் டிரைவர். 2019 ஜூலையில் குறைந்தபட்சக் கட்டணத்தை 5 ரூபாயாகக் குறைத்தபோது எத்தனை பேர் ஷேர் ஆட்டோவை விட்டுப் பஸ்ஸுக்கு வந்தீர்கள், நினைவிருக்கும். 2025 மேயில் அது 10 ரூபாயாயிற்று. ஒரே நாளில் இரட்டிப்பு. நாலு வீட்டுக்கு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அந்த ஐந்து ரூபாய் என்ன என்று கட்டணம் நிர்ணயித்தவர்களுக்குத் தெரியுமோ என்னவோ. நம் ஊரில் 2021 மே முதல் சாதாரணப் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டே கிடையாது. மகாராஷ்டிரத்திலும் 2023 மார்ச் முதல் எஸ்.டி. பஸ்ஸில் பெண்களுக்குப் பாதிக் கட்டணம். ஆக, முடியாத காரியம் ஒன்றும் அல்ல.

எங்கள் ரயிலையும் விட்டுவிட்டுப் பேசினால் நீங்கள் சும்மா விடமாட்டீர்கள். லோக்கலில் தினம் எழுபது லட்சம் பேர் போகிறார்கள். இரண்டாம் வகுப்பு மாதப் பாஸில் ரயில்வேக்கு லாபம் இல்லை, அது எங்களுக்கே தெரியும். அந்தப் பாஸ் இல்லாவிட்டால் விராரில் வாடகை கொடுத்துக்கொண்டு சர்ச்கேட்டில் கூலி வேலை பார்க்க முடியாது. அதே லோக்கல் தடத்தில் ஆண்டுதோறும் இரண்டாயிரம் பேருக்கு மேல் சாகிறார்கள். 2017 செப்டம்பர் 29ஆம் தேதி எல்பின்ஸ்டன் ரோடு ஸ்டேஷனில் ஒரு குறுகிய நடைபாலத்து நெரிசலில் 23 பேர் போனார்கள். நாங்கள் அன்றைக்கு வேறு ஸ்டேஷனில் ஜன்னலில் இருந்தோம். வரிசையில் நின்ற ஒரு அம்மாள் டிக்கெட் வாங்காமல், 'பாலத்தில் என் பையன் போயிருப்பானா சார்' என்று எங்களைக் கேட்டாள். டிக்கெட் கொடுப்பவனுக்கு எல்லாம் தெரியும் என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். மலிவாக இருந்தால் போதாது, தாங்கவும் வேண்டும். பொதுச்சேவை வேண்டும் என்று பேசுகிற நாம், அதன் குறையை மூடி மறைத்துப் பேசினால் யாரும் நம்பமாட்டார்கள்.

ஆஸ்பத்திரியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறோம். பரேல் கே.இ.எம். 1926இல் திறந்தது, இந்த ஆண்டு நூறு. சயான் ஆஸ்பத்திரி 1947. கூட்டம், அழுக்கு, தரையில் படுக்கை என்று நாம் குறை சொல்வது அத்தனையும் உண்மை. சென்ற மழைக்காலத்தில் நம் சந்துத் தம்பி ஒருவனுக்குக் கேன் தண்ணீரில் மஞ்சள்காமாலை வந்தது. பக்கத்தில் ஒரு தனியார் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். முதலில் அம்பதாயிரம் கட்டு என்றார்கள். தாலிச் சங்கிலி அடகுக்குப் போயிற்று. ஐந்தாம் நாள் பணம் தீர்ந்ததும் மாநகராட்சி ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்கள். அங்கே தரையில்தான் படுக்க வைத்தார்கள். ஆனால் பிழைத்தான், இதோ பின்னால் நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறான். சங்கிலி இன்னும் மீளவில்லை.

2020 ஏப்ரல் 1ஆம் தேதி தாராவியில் முதல் கொரோனா நோயாளி. சதுர மைலுக்குள் லட்சக்கணக்கில் ஜனம், பொதுக் கழிப்பிடம், பத்துக்குப் பத்து அறை. தாராவி சுடுகாடாகும் என்றுதான் எல்லோரும் பேசினார்கள். ஆகவில்லை. வீடு வீடாக வந்து காய்ச்சல் பார்த்தது யார்? முனிசிபல் சுகாதார ஊழியர்கள். தனியாகப் பிரித்து வைத்தது எங்கே? முனிசிபல் பள்ளிக்கூடங்களில். கழிப்பிடங்களைத் திரும்பத் திரும்பக் கழுவியது மாநகராட்சித் துப்புரவுத் தொழிலாளி. அந்த ஜூலையில் உலக சுகாதார நிறுவனமே தாராவியைப் பேர் சொல்லிப் பாராட்டியது. அங்கே நம் தமிழ் டாக்டர்கள் சிலர் தங்கள் கிளினிக்கைத் திறந்து வைத்துப் பக்கத்தில் நின்றதையும் மறக்கவில்லை.

பள்ளிக்கூடத்தைச் சொல்லாமல் முடித்தால் பொய்யாகிவிடும். எட்டு மொழியில் பள்ளி நடத்துகிற மாநகராட்சி இது. தமிழ் அதில் ஒன்று. நம் தாத்தாமார்கள் கேட்டு வாங்கியது. பிள்ளைகள் குறைந்து வகுப்புகள் சுருங்கிக்கொண்டு வருகின்றன. போன மாதம் சங்கச் சுற்றறிக்கையில், நம் பிள்ளைகளை மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிக்கு அனுப்புவோம் என்று எழுதியது நாங்கள்தான். எங்கள் பையன் எங்கே படிக்கிறான் என்று ஒரு பெரியவர் கடிதம் போட்டுக் கேட்டிருக்கிறார். தனியார் ஆங்கிலப் பள்ளியில். மறைக்கவில்லை. பத்தாவதுக்கு மேல் என்ன செய்வான் என்ற பயம். அந்தப் பயத்துக்குப் பதில் இல்லாமல் அடுத்தவருக்கு மட்டும் சுற்றறிக்கை விடுவது சரியல்ல என்று அந்தப் பெரியவர் எழுதியதற்கு எங்களிடம் மறுமொழி இல்லை. கேட்க வேண்டியது தமிழ் மட்டுமல்ல. ஆங்கிலமும் மராத்தியும் நன்றாகக் கற்றுத்தரும் தமிழ்ப் பள்ளி, பத்தாவது வரை, ஆசிரியர் காலியிடம் இல்லாமல். அதைக் கேட்டு மனு தயாராகிறது. அதில் முதல் கையெழுத்து எங்களுடையதாக இருக்கும். பையனைப் பற்றி வீட்டில் பேச்சு நடக்கிறது.

பணம் இல்லை என்பார்கள். 2025-26க்கு இந்த மாநகராட்சியின் வரவு செலவுத் திட்டம் 74,427 கோடி ரூபாய். இந்தியாவில் சில மாநிலங்களுக்கே அவ்வளவு கிடையாது. அந்தப் பணம் எங்கே போகிறது என்று கேட்க, 2022 மார்ச்சு முதல் ஏறக்குறைய நாலு வருஷம் 227 வார்டிலும் ஒரு கவுன்சிலர்கூட இல்லை. தேர்தலே நடத்தவில்லை. அதிகாரியே போடுவார், அதிகாரியே செலவழிப்பார். இப்போது ஆள் வந்திருக்கிறார்கள். அவர்கள் எந்தக் கட்சி என்பது எங்கள் ஐந்தாம் விதிக்குக் கட்டுப்பட்ட விஷயம். ஆனால் அவர்களிடம் மிருணாள் கோரே கேட்ட மாதிரிக் கேட்கலாம். ஏன் தரவில்லை? எத்தனை தேதிக்குள்? யார் பொறுப்பு?

அவர் பிற்காலத்தில் செய்ததையும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். 1976 நில உச்சவரம்புச் சட்டத்தை வைத்துக்கொண்டு, அரசாங்க நிலம் கேட்டு வருஷக்கணக்கில் போராடி, இதே கோரேகாவ் திண்டோஷியில் நாகரி நிவாரா வீடுகளைக் கட்டவைத்தார்கள். ஆறாயிரத்துக்கு மேற்பட்ட நடுத்தர, ஏழைக் குடும்பங்கள். அங்கே எந்த மொழிக்காரன் என்று கேட்டு வீடு கொடுக்கவில்லை. தண்ணீர்க் குழாயிலும் அப்படித்தான். மராத்திக்காரி குடமும் தமிழச்சி குடமும் ஒரே வரிசையில் இருந்தது. நாமோ இன்றைக்கு எந்த மனுவையும் தமிழர் மனுவாகவே எழுதுகிறோம். பக்கத்துச் சந்தில் உத்தரப் பிரதேசத்துக்காரர்கள், அடுத்ததில் கொங்கணத்து மராத்தியர்கள். அவர்களுக்கும் அதே கேன், அதே இருபது ரூபாய்.

ஆகவே இந்த முறை மனுவை மூன்று மொழியில் எழுதியிருக்கிறோம். மராத்தி எழுதிக் கொடுத்தவர் கொங்கணத்துச் சந்தின் மாவு மில்காரர். வருகிற திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு வார்டு ஆபீசில் ஹைட்ராலிக் பிரிவுக்குப் போகிறோம். நாங்கள் அன்றைக்கு லீவு எழுதிக் கொடுத்தாகிவிட்டது. 'எல்லோருக்கும் தண்ணீர்' திட்டத்தில் ஐந்து வீடு சேர்ந்து ஒரு இணைப்புக் கேட்பதற்கான விண்ணப்பம் நிரப்பும் மேசை இங்கேயே பின்பக்கம் இருக்கிறது. ஆதார், ரேஷன் கார்டு நகல் கொண்டு வராதவர்கள் நாளை மாலைக்குள் கொடுங்கள். கேன் வாங்கிய கணக்கைக் காலண்டர்த் தாளில் குறித்து வைத்திருப்பவர்கள் அந்தத் தாளையும் கொடுங்கள், அதுதான் நமக்குப் பெரிய சாட்சி. பெண்கள் காலிக் குடத்தோடு வரலாமா என்று காலையில் இரண்டு தாய்மார்கள் கேட்டார்கள். வரலாம். லோக்கலில் ஏற்றும்போது மட்டும் லக்கேஜ் பெட்டியில் ஏறுங்கள், டிக்கெட் எடுத்துவிட்டு ஏறுங்கள்.